சிஎன்சி மில்லிங் சாஃப்ட்வேர் திறக்க மறுக்கிறதா? கரண்டிலிருந்து ஸ்கிரீன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

“அண்ணா, இன்னா பண்ணாலும் மாக்3 ஓபன் ஆவல. ஜாப் வைஸ்லயே நிக்குது.”

ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து இப்படி அடிக்கடி போன் வரும். மாக்3 என்பது மில்லிங் மெஷினைக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டும் சாஃப்ட்வேர். பேசுபவர் பெரும்பாலும் இரண்டாம் ஷிஃப்ட் ஆபரேட்டர். அதற்குள் கம்ப்யூட்டரை நாலு தடவை ஆஃப் செய்து ஆன் செய்திருப்பார். பக்கத்துப் பட்டறைக்காரர் யாராவது “சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போடு” என்று யோசனையும் சொல்லியிருப்பார். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, எதையாவது அழிச்சியா?” இல்லை என்று பதில் வந்தால் எனக்குப் பாதி நிம்மதி.

ஆற்காட்டில் இருந்துகொண்டு, சிப்காட், வாலாஜா, காட்பாடி என்று சுற்றியுள்ள சின்னப் பட்டறைகளின் பழைய மில்லிங் மெஷின்களுக்கு மோட்டார், டிரைவ் (மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் பெட்டி), கம்ப்யூட்டர் போட்டு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் தானாக ஓடும் மெஷின்) ஆக்கித் தருவது என் தொழில். ஷூ கம்பெனிகளுக்கு சோல் மோல்டு வெட்டும் இடம், தேக்குக் கதவில் பூ வேலை செய்யும் இடம், பாய்லர் உதிரிபாகம் செய்யும் இடம் என்று எல்லா வகையும் உண்டு. பெரிய கம்பெனிகளில் ஃபானுக், சீமென்ஸ் கன்ட்ரோலர் இருக்கும். அங்கே அலாரம் நம்பரைப் பார்த்து மேனுவலைப் புரட்டினால் வழி தெரிந்துவிடும். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும் மாக்3, லினக்ஸ்சிஎன்சி போன்றவற்றில் அப்படி இல்லை. விண்டோஸ், டிரைவர், கேபிள், பிரேக்அவுட் போர்டு (கம்ப்யூட்டர் சிக்னலை டிரைவுக்கும் சுவிட்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் போர்டு), எமர்ஜென்சி சுவிட்ச் என்று இத்தனையும் ஒழுங்காக இருந்தால்தான் சாஃப்ட்வேர் எழுந்து நிற்கும். ஒன்று சொதப்பினாலும் ஸ்கிரீனில் வருவது என்னவோ சாஃப்ட்வேர் எரர்தான். அதனால்தான் எல்லோரும் சாஃப்ட்வேரையே குறை சொல்கிறார்கள்.

இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் அதிகம் ஓடுவது மாக்3. அதனால் அதை விரிவாகவும், லினக்ஸ்சிஎன்சியையும் சின்ன மெஷின்களில் இருக்கும் ஜிஆர்பிஎல்லையும் தேவையான அளவுக்கும் சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கை வைப்பதற்கு முன் இரண்டு காரியம்

முதல் காரியம், டிரைவ்களுக்கும் ஸ்பிண்டிலின் (டூலைச் சுற்றும் தண்டு) வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டிக்கும் போகும் மெயினை ஆஃப் செய்யுங்கள். எமர்ஜென்சி பட்டனையும் அழுத்தி வையுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கம்ப்யூட்டர் எழும் சில நொடிகளில் பேரலல் போர்ட்டின் (பழைய பிரின்டர் போர்ட்) பின்கள் எந்த நிலையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விண்டோஸ் அந்தப் போர்ட்டைத் தேடிப் பார்க்கும்போது பின்கள் மேலும் கீழும் ஆடும். ஸ்பிண்டில் ரிலே அந்தப் பின்களில் ஒன்றில் இருந்தால், நீங்கள் கோலெட்டில் கை வைத்திருக்கும்போதே ஸ்பிண்டில் சுற்றிவிடலாம். செட்டிங் கெட்டுப்போன நிலையில் சாஃப்ட்வேர் திறந்தாலும் இதே ஆபத்துதான். ஆக்டிவ் லோ (சிக்னல் இறங்கினால் ஆன் என்ற அமைப்பு) என்று இருந்தது மாறிப்போயிருந்தால், ஆஃப் என்று அது நினைப்பது நிஜத்தில் ஆன் ஆகிவிடும்.

நல்ல பிரேக்அவுட் போர்டுகளில் சார்ஜ் பம்ப் என்று ஒரு வசதி உண்டு. மாக்3 ஒழுங்காக ஓடும்போது மட்டும் ஒரு பின்னில் சுமார் 12.5 கிலோஹெர்ட்ஸ் பல்ஸ் வந்துகொண்டிருக்கும். அந்தப் பல்ஸ் நின்றால் போர்டு எல்லா அவுட்புட்டையும் வெட்டிவிடும். உங்கள் போர்டில் அந்த வசதி இருந்தும் வயர் செய்யாமல் விட்டிருந்தால், இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இரண்டாவது காரியம், சி டிரைவில் இருக்கும் மாக்3 ஃபோல்டரை அப்படியே முழுசாக ஒரு பென்டிரைவில் காப்பி எடுங்கள். கோளாறோடு இருக்கிறதே, எதற்கு என்று யோசிக்க வேண்டாம். அந்த ஃபோல்டருக்குள்தான் உங்கள் மெஷினின் உயிர் இருக்கிறது. எந்தப் பின்னில் எந்த மோட்டார், எந்த ஆக்சிஸுக்கு எத்தனை ஸ்டெப், பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் ஆட்டம்) எவ்வளவு, ஹோமிங் (மெஷின் தன் தொடக்க இடத்தைத் தேடிப் போவது) எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். வழக்கமாக அதன் பெயர் மாக்3மில். வேறு பெயரில் புரொஃபைல் செய்திருந்தால் அந்தப் பெயரில் இருக்கும். சாஃப்ட்வேரை எங்கிருந்தும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த ஃபைல் உலகத்திலேயே உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

இதை நான் பாடமாகக் கற்றது ஒரு மே மாத இரவில். அலுமினியக் கட்டையில் சோல் மோல்டு, 6 மில்லி பால் நோஸ் டூல், ஃபினிஷிங் பாஸ் பாதியில். கரண்ட் ஒரு நொடி விழுந்து வந்தது. அதற்குப் பிறகு மாக்3 திறந்ததும் மூடியது, திறந்ததும் மூடியது. அப்போது எனக்கு அனுபவம் குறைவு. மாக்3 ஃபோல்டரையே அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்தேன். சாஃப்ட்வேர் அழகாகத் திறந்தது. எக்ஸ் ஆக்சிஸ் தலைகீழாக ஓடியது, ஒய் நகரவே இல்லை, இசட் 10 மில்லி சொன்னால் வேறெதோ தூரம் போனது. டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு ஆக்சிஸாக அளந்து திரும்ப அமைக்க அடுத்த நாள் மாலை ஆகிவிட்டது. ஜீரோ தொலைந்ததால் அந்த மோல்டு ஸ்கிராப். உள்ளே பேக்கப் ஃபோல்டர் ஒன்று இருந்தது என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். அதையும் சேர்த்துத்தான் அழித்திருந்தேன். அந்த முதலாளி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது.

கம்ப்யூட்டரே ஒழுங்காக எழுந்திருக்கிறதா?

வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் ஷீட் கூரைக்குக் கீழே, பேனலுக்குள் அடைபட்ட கம்ப்யூட்டர் எவ்வளவு வேகும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு மரத்தூளோ, கிரைண்டிங் தூசியோ, கூலண்ட் ஆவியோ ஃபேனில் படிந்திருக்கும். காலையில் திறக்கும் சாஃப்ட்வேர் மதியம் மூன்று மணிக்குத் திறக்காவிட்டால் முதல் சந்தேகம் சூடுதான். மூடியைக் கழற்றி, புளோயரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். ஃபேன் வேகமாகச் சுற்றிக் கெடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ரேம் ஸ்டிக்கைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள். சின்ன வேலைதான். ஆனால் பாதியில் நீல ஸ்கிரீன் வரும் கம்ப்யூட்டர்கள் பல இதிலேயே சரியாகியிருக்கின்றன.

அடுத்து மதர்போர்டு பேட்டரி. விண்டோஸில் தேதி பழைய வருஷத்துக்குப் போயிருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். 3 வோல்ட் பட்டன் செல், எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். தேதிக்கும் மில்லிங் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பேட்டரி போனால் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை) செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பிவிடும். பேரலல் போர்ட் மோடும் அட்ரஸும் அதில்தான் இருக்கின்றன. நேற்று வரை ஓடிய மெஷின் இன்று ஒரு ஸ்டெப்கூட நகராமல் நிற்பதற்கு அந்தச் சின்ன செல்லே காரணமாக இருந்ததைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

யுபிஎஸ்ஸையும் ஒரு கை பாருங்கள். சாஃப்ட்வேர் திறந்திருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்கக் கூடாது. வெறும் விண்டோஸ் ஓடும்போது பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் தாங்காத யுபிஎஸ் இருந்தும் இல்லாதது மாதிரிதான். மாக்3 பெரும்பாலான செட்டிங்கை மூடும்போதுதான் எழுதி வைக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் எக்ஸ்எம்எல் பாதியில் வெட்டுப்படும்.

ஐகானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது திறந்து உடனே மூடுகிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மாக்3 ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு சரியாக மூடாமல் போனால் அது பேய் மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கும், இரண்டாவதைத் திறக்க விடாது. எண்ட் டாஸ்க் கொடுத்துவிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அது இல்லையென்றால் ஐகானில் ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்து பாருங்கள். அப்படித் திறந்தால் உரிமைப் பிரச்சினை. ஐகானின் பிராபர்டீஸில் அதை நிரந்தரமாக்கிவிடலாம். மாக்3யை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போட்டிருந்தால் இந்தத் தொல்லை அதிகம் வரும். சி டிரைவில் நேரடியாக இருப்பதே நல்லது.

இன்னொரு திருடன் ஆன்டிவைரஸ். டிசைன் சென்டரிலிருந்து ஜி கோடு (மெஷின் படிக்கும் கட்டளை ஃபைல்) கொண்டுவரும் பென்டிரைவ் ஊரெல்லாம் சுற்றி வருவது. அதில் வைரஸ் இருக்கும், ஆன்டிவைரஸ் அதைத் துரத்தும், துரத்தும்போது மாக்3யின் பிளக்இன் ஃபைலையும் சேர்த்துப் பிடித்து அடைத்துவிடும். குவாரன்டைன் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் மாக்3 ஃபோல்டரின் ஃபைல் ஏதாவது இருந்தால், அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரோடு வந்ததுதான் என்று உறுதி செய்துகொண்டு மீட்டெடுங்கள். அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலிலும் சேருங்கள். கிராக் செய்த காப்பி என்றால் நான் அந்த யோசனையைத் தர மாட்டேன். அதில் வைரஸ் எது, புரோகிராம் எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, இன்னும் திறக்கவில்லை. இப்போது செய்யப்போவது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான சோதனை. டெஸ்க்டாப்பில் மாக்3 லோடர் என்று ஒரு ஐகான் இருக்கும். அதைத் திறந்தால் புரொஃபைல் பட்டியல் வரும். கிரியேட் புரொஃபைல் அழுத்தி, மாக்3மில்லைப் படிமமாக எடுத்து, டீஃபால்ட் மதிப்புகளுடன் ஒரு புதுப் புரொஃபைல் செய்யுங்கள். ‘சோதனை’ என்கிற மாதிரி ஒரு பெயர் வையுங்கள், ஆனால் ஆங்கில எழுத்தில். மெஷின் மெயின் ஆஃப் ஆகவே இருக்கட்டும். அந்தப் புதுப் புரொஃபைலைத் திறங்கள்.

திறந்துவிட்டதா? அப்படியென்றால் சாஃப்ட்வேர் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் நன்றாக இருக்கிறது, கெட்டது உங்கள் எக்ஸ்எம்எல் ஃபைல் மட்டும்தான். ரீஇன்ஸ்டால் பேச்சையே எடுக்க வேண்டாம். புதுசும் திறக்கவில்லை என்றால் கோளாறு புரோகிராமிலோ, டிரைவரிலோ, விண்டோஸிலோ இருக்கிறது. ஒரே நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கெட்டுப்போன எக்ஸ்எம்எல்லை மீட்பது

மாக்3 ஃபோல்டருக்குள் எக்ஸ்எம்எல்பேக்கப்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். மாக்3 தானாகவே பழைய செட்டிங் ஃபைல்களை அதில் சேர்த்துவைக்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்து மட்டும் மாறி, நம்பரோடு இருக்கும். தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். கோளாறு வந்த நாளுக்கு முந்தைய நாளின் ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். அதன் சைஸ் மற்ற பேக்கப்களின் சைஸுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். பூஜ்யமாகவோ மிகச் சின்னதாகவோ இருந்தால் அதுவும் வெட்டுப்பட்டது, இன்னும் ஒரு நாள் பின்னால் போங்கள்.

தேர்ந்தெடுத்ததை காப்பி எடுத்து மாக்3 ஃபோல்டரில் போடுங்கள். அங்கே இருக்கும் கெட்ட ஃபைலை அழிக்காமல், பெயரின் கடைசியில் ‘பழைய’ என்பதற்கு ஏதாவது ஒரு எழுத்தைச் சேர்த்து ஒதுக்கி வையுங்கள். புதிதாகக் கொண்டுவந்ததற்கு சரியான பெயரையும் எக்ஸ்எம்எல் என்ற முடிவையும் கொடுங்கள். விண்டோஸ் ஃபைல் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைத்திருந்தால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுத்த பெயர் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று ஆகிவிடும்.

சாஃப்ட்வேர் திறக்கிறது, ஆனால் ஸ்கிரீன் சாம்பல் நிறத்தில் பட்டனே இல்லாமல் வெறுமையாக வருகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஸ்கிரீன் செட் ஃபைல் காணாமல் போயிருக்கிறது. வியூ மெனுவில் லோடு ஸ்கிரீன்ஸ் போய் 1024 என்ற செட் ஃபைலைக் கொடுத்தால் வழக்கமான மில் ஸ்கிரீன் வந்துவிடும்.

டிரைவர் கிடைக்கவில்லை என்ற மெசேஜ்

இது வந்தால் முதலில் உங்கள் மெஷின் எந்த வழியில் ஓடுகிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் 25 பின் உள்ள பழைய பிரின்டர் போர்ட்டில் கேபிள் மாட்டியிருந்தால் அது பேரலல் போர்ட். சின்ன யுஎஸ்பி கேபிளோ நெட்வொர்க் கேபிளோ போனால் அது மோஷன் கார்டு, அதாவது மோட்டாருக்கான பல்ஸைத் தானே உருவாக்கும் போர்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பேரலல் போர்ட் என்றால் மாக்3யின் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 வரைக்கும் சரி. 64 பிட்டில் ஓடவே ஓடாது, எத்தனை தடவை இன்ஸ்டால் செய்தாலும். பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது என்று கடையில் புதுசு வாங்கி, அதில் விண்டோஸ் 10 போட்டுக்கொண்டு வந்து, இரண்டு நாள் போராடிய பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சம். வழி மூன்று: பழைய 32 பிட் கம்ப்யூட்டரையே ஓட்டுவது, யுஎஸ்பி அல்லது ஈதர்நெட் மோஷன் கார்டுக்கு மாறுவது, லினக்ஸ்சிஎன்சிக்குப் போவது. என்னைக் கேட்டால் ஈதர்நெட் கார்டு. எக்ஸ்பிக்கு 2014லும், விண்டோஸ் 7க்கு 2020லும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் ஓட்டுகிறவர்கள் அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் சேர்க்காமல் வைத்திருங்கள்.

32 பிட்தான், ஆனாலும் டிரைவர் இல்லை என்கிறதா? மாக்3யை மூடிவிட்டு, மாக்3 ஃபோல்டரில் டிரைவர்டெஸ்ட் என்ற புரோகிராமை ஓட்டுங்கள். ஒரு கிராஃப் வரும். 25,000 ஹெர்ட்ஸ் வைத்திருந்தால் பல்ஸ் எண்ணிக்கை அதற்கு மிக அருகில் நிற்க வேண்டும், கோடு கிட்டத்தட்ட நேராகப் போக வேண்டும், எக்ஸலன்ட் என்றோ குட் என்றோ எழுதும். கோடு அங்கங்கே முள் மாதிரி எழும்பினால் பின்னால் ஏதோ குறுக்கிடுகிறது. ஆன்டிவைரஸ், வைஃபை, ஸ்கிரீன்சேவர், பவர் சேவிங் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட்டே டிரைவரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் மாக்3 டிரைவர் வரியை அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மாக்3 இன்ஸ்டாலரை ஓட்டி டிரைவரை மட்டும் திரும்பப் போடுங்கள். போட்ட பிறகு இன்னொரு ரீஸ்டார்ட் கட்டாயம். அதைச் செய்யாமல் மாக்3யைத் திறந்தால் போட்ட டிரைவரும் வீண்.

அப்புறம் போர்ட் அட்ரஸ். மதர்போர்டிலேயே இருக்கும் பேரலல் போர்ட்டுக்கு வழக்கமாக ஹெக்ஸில் 378. சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் பிசிஐ கார்டு என்றால் அட்ரஸ் வேறாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் ரிசோர்சஸ் பக்கத்தில் பார்த்து, மாக்3யின் போர்ட்ஸ் அண்ட் பின்ஸில் முதல் போர்ட்டில் அதே எண்ணை எழுதுங்கள்.

யுஎஸ்பி, ஈதர்நெட் கார்டு

திறக்கும்போது எந்தக் கருவியை வைத்து மெஷினை ஓட்டுவது என்று மாக்3 ஒரு பெட்டியில் கேட்கும். அதில் உங்கள் கார்டின் பெயர் இல்லாமல் பிரின்டர் போர்ட் மட்டும் இருந்தால், பிளக்இன்ஸ் ஃபோல்டரில் கார்டின் ஃபைல் இல்லை. யாராவது தவறாக பிரின்டர் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, மறுபடி கேட்காதே என்று டிக் செய்துவிட்டாலும் கார்டு இருந்தும் இல்லாத கதைதான். ஃபங்ஷன் கான்ஃபிக் மெனுவில் டிவைஸ் தேர்வை ரீசெட் செய்யும் வரி இருக்கும். அதை அழுத்திவிட்டு மூடித் திறந்தால் மறுபடி கேட்கும்.

யுஎஸ்பி கார்டை கம்ப்யூட்டரின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் ஓட்டையில் மாட்டுங்கள். முன்பக்கம், ஹப், நீட்டு கேபிள் எதுவும் வேண்டாம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் செட்டிங்கை எடுத்துவிடுங்கள். ஸ்பிண்டில் ஆன் செய்த நொடியில் கார்டு துண்டிக்கிறது என்றால் அது விஎஃப்டி இரைச்சல். ஸ்பிண்டில் கேபிளையும் யுஎஸ்பி கேபிளையும் ஒரே குழாயில் ஓட்டியிருப்பார்கள், பிரித்துவிடுங்கள். எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள்.

ஈதர்நெட் கார்டுக்கு வைஃபை மாதிரி தானாக ஐபி எடுக்க விடக் கூடாது. கம்ப்யூட்டரின் அந்த நெட்வொர்க் போர்ட்டுக்கு நிலையான ஐபி கொடுங்கள். கார்டின் ஐபியில் முதல் மூன்று பகுதி அப்படியே, கடைசி எண் மட்டும் வேறு, சப்நெட் 255.255.255.0. விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்று போட்ட மறுநாள் இந்த எண்கள் காணாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன். எண்களை ஒரு அட்டையில் எழுதி பேனலின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

திறந்துவிட்டது, ஆனால் ரீசெட் ஏறவில்லை

ரீசெட் பட்டன் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருக்கும். கீழே எமர்ஜென்சி என்றோ லிமிட் என்றோ வரும். இதையும் சாஃப்ட்வேர் கோளாறு என்றுதான் போனில் சொல்வார்கள். இங்கே சாஃப்ட்வேர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, வெளியிலிருந்து வரும் சிக்னல் சரியில்லை.

ஆல்ட் 7 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ் பக்கம் போங்கள். எமர்ஜென்சி விளக்கு எரிகிறதா, எந்த ஆக்சிஸின் லிமிட் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். எமர்ஜென்சி பட்டனை முறுக்கி விடுவித்தும் விளக்கு அணையவில்லை என்றால் பேனலைத் திறந்து மல்டிமீட்டரை எடுங்கள். பட்டன் அழுத்தாதபோது என்சி (சாதாரணமாக மூடியிருக்கும்) கான்டாக்ட் ஒட்டியிருக்க வேண்டும், மீட்டர் சத்தம் போட வேண்டும். போடவில்லை என்றால் வயரைத் தொடர்ந்து போங்கள். கூலண்ட் சொட்டும் இடத்தில் பச்சையாகப் பூத்த டெர்மினல், எலி கடித்த வயர், தளர்ந்த ஸ்க்ரூ, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும். வயர் சரியாக இருந்தால் பிரேக்அவுட் போர்டுக்கு சப்ளை வருகிறதா என்று பாருங்கள். சப்ளை செத்துப்போனால் எல்லா இன்புட்டும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டது மாதிரி தெரியும். இன்புட் விளக்குகள் மொத்தமாக எரிந்தால் முதலில் சப்ளையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பேரலல் போர்ட்டில் இன்புட்டுக்கு உள்ளவை 10, 11, 12, 13, 15 ஆகிய ஐந்து பின்கள்தான். எமர்ஜென்சி எந்தப் பின்னில் இருக்கிறதோ அதுவே போர்ட்ஸ் அண்ட் பின்ஸில் இன்புட் சிக்னல்ஸ் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆக்டிவ் லோ டிக்கை மாற்றி விளக்கை அணைத்துவிட்டுச் சிலர் வேலையைத் தொடர்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பட்டனை அழுத்தும்போது மெஷின் நிற்பதற்குப் பதிலாக ஓடும்.

விளக்கு மின்னி மின்னி வருகிறது என்றால் இரைச்சல். ஜெனரல் கான்ஃபிக்கில் டீபவுன்ஸ் மதிப்பை ஏற்றிப் பாருங்கள். 25,000 ஹெர்ட்ஸில் 100 என்று போட்டால் 4 மில்லி செகண்ட். சிக்னல் அவ்வளவு நேரம் நிலையாக நின்றால்தான் மாக்3 நம்பும். லிமிட் சுவிட்ச் மேலேயே ஆக்சிஸ் நின்றுவிட்டால் செட்டிங்ஸ் பக்கத்தில் லிமிட் ஓவர்ரைடு கொடுத்து மெல்ல ஜாக் செய்து (கையால் கட்டளை கொடுத்து நகர்த்தி) வெளியே எடுங்கள்.

லினக்ஸ்சிஎன்சி ஓட்டுகிறவர்களுக்கு

இதில் ஒரு நல்ல விஷயம், எரர் மெசேஜ் உண்மையைச் சொல்லும். பெட்டி பெரிதாக இருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள். ஹால் ஃபைலின் (எந்தப் பின் எதனோடு இணைகிறது என்று எழுதிய ஃபைல்) பெயரும் வரி எண்ணும் கொடுத்து, இந்தப் பின் இல்லை என்று எழுதியிருக்கும். அந்த வரிக்குப் போனால் தப்பு கண்ணில் படும். பெட்டியை மூடிவிட்டாலும் ஹோம் ஃபோல்டரில் பிரின்ட், டீபக் என்று இரண்டு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதில் படிக்கலாம். முன்பு சரியாக மூடவில்லை, திரும்பத் தொடங்கவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை என்றால் ரியல்டைம் கர்னலுக்குப் (நேரம் தவறாமல் வேலை செய்யும் லினக்ஸ் மையப் பகுதி) பதிலாகச் சாதாரணக் கர்னலில் எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பூட் மெனுவில் ரியல்டைம் கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்புங்கள். எதிர்பாராத ரியல்டைம் தாமதம் என்று வந்தால் லேட்டன்ஸி டெஸ்ட்டை ஓடவிட்டு, கூடவே வீடியோ, ஃபைல் காப்பி எல்லாம் செய்து கம்ப்யூட்டரைத் திணறடியுங்கள். பேரலல் போர்ட்டில் மோட்டாரை ஓட்டுவதானால் அதிகபட்ச எண் 20 மைக்ரோ செகண்டுக்குள் நின்றால் மகிழ்ச்சி, 100ஐத் தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

சின்ன மெஷின்களில் ஜிஆர்பிஎல் போர்டு இருந்தால் பெரும்பாலும் இரண்டே கோளாறு. போர்ட் கிடைக்கவில்லை என்றால் யுஎஸ்பி சிப்புக்கான டிரைவரைப் போட்டு, வேகத்தை 115200 ஆக வையுங்கள். திறந்ததும் லாக் என்று வந்தால் அது கோளாறே இல்லை, ஹோமிங் செய்யச் சொல்கிறது.

எழுந்த பிறகு, டூலை ஜாப்பில் இறக்கும் முன்

சாஃப்ட்வேர் திறந்த சந்தோஷத்தில் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்திவிடாதீர்கள். முதலில் டூலைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டர், பிறகு சாஃப்ட்வேர், பிறகு ரீசெட், கடைசியில்தான் டிரைவ் மெயின். மூடும்போது இதற்கு நேர்மாறு.

எமர்ஜென்சியை ஒரு தடவை அழுத்தி, நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஆக்சிஸையும் மெதுவாக ஜாக் செய்து திசை சரியா என்று பாருங்கள். பிறகு டயல் கேஜை மேக்னெட் பேஸில் மாட்டி டேபிளில் முட்டக்கொடுத்து, ஜீரோ வைத்து, 5 மில்லி நகரச் சொல்லுங்கள். டயல் 5 காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஸ்டெப்ஸ் பெர் (ஒரு மில்லிக்கு எத்தனை ஸ்டெப்) மதிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவில் 8 மைக்ரோஸ்டெப், அப்போது 1600. பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லி, மோட்டார் நேராகக் கப்ளிங்கில். 1600ஐ 5ஆல் வகுத்தால் 320. மோட்டார் டியூனிங்கில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப ஜீரோவுக்கு வரும்போது டயல் முள் ஜீரோவில் நிற்காமல் 0.04 தள்ளி நின்றால் பேக்லாஷ் மதிப்பு தொலைந்திருக்கிறது.

எல்லாம் சரி என்றால் ஹோமிங் செய்து, ஜாப் ஜீரோவைப் புதிதாக எடுத்து, இசட்டை 20 மில்லி மேலே தூக்கி வைத்து புரோகிராமைக் காற்றில் ஒரு தடவை ஓட்டுங்கள். அது முடிந்ததும் சாஃப்ட்வேரை ஒழுங்காக மூடி, மாக்3 ஃபோல்டரை இன்றைய தேதி போட்டு பென்டிரைவில் இன்னொரு காப்பி எடுங்கள். அந்தப் பென்டிரைவை ஜி கோடு கொண்டுபோகவும் பாட்டு கேட்கவும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பேனல் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.